வெள்ளம் வந்நே

மலையில் எங்களுக்கு வீடு இருந்தது என்று சொன்னால் இங்கே யாரும் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. வீடு இருந்தது, ஆனால் எங்களுடையது இல்லை. தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருக்கிறவரைக்கும் லயத்தில் ஓர் அறையும் அடுப்படியும் உண்டு. ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாகக் கட்டின வீடுகளுக்கு லயம் என்று பெயர். பேரை எடுத்துவிட்டால் வீட்டையும் விட வேண்டும். என் அம்மா அந்த வீட்டில்தான் என்னைப் பெற்றாள். நான் அதே வீட்டில்தான் என் மகளைப் பெற்றேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வயது முடிந்து பேர் எடுத்த பிறகும் கொஞ்ச காலம் தற்காலிக வேலை என்று சொல்லி இருக்க விட்டார்கள். கொரோனா ஓய்ந்த மறு வருசம் ஆபீசிலிருந்து ஆள் வந்து, அடுத்த குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று சொன்னான். சாவியைக் கொடுத்துவிட்டோம். அழுது கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து குமுளி வழியாக இறங்கினோம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பளிகள்தான் அதிகம். அதை ஏன் கொண்டுவந்தோம் என்று இங்கே வந்த மறுநாளே தெரிந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மருமகன் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். நல்ல பிள்ளை. "நம்ம வீட்டுலயே இருங்கத்தே, எங்க போறீக?" என்றார். அவருடைய அம்மாவும் "இருங்க, இருங்க" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டே அறை. அதில் சம்பந்திகள் இரண்டு பேர், மகளும் மருமகனும் இரண்டு பேர், பேரப்பிள்ளைகள் வேறு. சம்பந்தி வீட்டில் பாய் விரிக்க இடம் தேடுகிற நிலைமை எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினோம்.

வீடு தேடுவது ஒரு தனி வேலை என்று எனக்குத் தெரியாது. கொழுந்து பறிப்பது மாதிரி அதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். சொன்னேன். அடுத்து "அது சரி, சொந்த ஊரு?" என்றார்கள். நான் பிறந்த ஊரைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, இன்னொன்றுக்கு எங்கே போவேன்? அதற்குப் பிறகு "என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகு சில வீடுகளில் சாவி காணாமல் போய்விடும். நேற்றுவரை இருந்த சாவி, மகன் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான் என்பார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்து பாக்டரியில் இலை வறுக்கிற பக்கம் வேலை செய்தவர். அந்தத் தூசியில் நெஞ்சு கெட்டு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. நாலு வீட்டு வாசலில் நின்றால் ஐந்தாவது வாசலில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து இழுக்கிற ஆளைப் பார்த்தால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், வீடும் தரமாட்டார்கள்.

கடைசியில் ராஜபாளையத்தில் கிடைத்தது. மருமகனுக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடைக்காரர் இருக்கிறார், முஸ்லிம். அவர் கடைக்கு எதிர் வீட்டில் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறது என்று அவர் சொல்லி அனுப்பினார். தெருவின் கடைசி வீடு. பின்னால் ஓடை. மாடியில் வீட்டுக்காரம்மாவும் அவள் கணவரும் இருந்தார்கள். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"பேசுறது தமிழால்ல இருக்கு? மலையாளம்னு சொன்னாரு பாய்?"

"தமிழ்தான். தோட்டத்துல இருந்தோம்."

"மலையாளத்துக்காரங்க வீட்டச் சுத்தமா வச்சிருப்பாங்கம்பாக. அதுக்காகத்தான் குடுக்கேன்."

அதை நான் மறுக்கவில்லை. வீடு கிடைக்கிற நேரத்தில் மறுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து தெருவுக்கு நான் மலையாளத்தம்மா. என் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் தமிழ் தவிர வேறு பேசாதவர்கள் நாங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த மூன்று வகுப்பும் தமிழ்தான். வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவள். மாடிப்படி இறங்கும்போது தமிழுக்கு மாறிவிடுவாள். எந்தப் படியில் மாறுவாள் என்றுகூட எனக்குத் தெரியும். அவளை யாரும் தெலுங்கம்மா என்று சொல்லவில்லை. என்னை மட்டும் மலையாளத்தம்மா என்றார்கள். "மலையாளத்தம்மா, கோலம் போட்டாச்சா?" "மலையாளத்தம்மா, உங்க ஊர்ல இந்தக் காய் கெடைக்குமா?" பதில் சொல்வேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து என் வீட்டுக்காரரிடம் கோபப்படுவேன். அவர், "நல்ல பேருதானட்டீ, போட்டும்" என்பார்.

அவருக்கு வேறு வேலை இருந்தது. நாங்கள் எந்த மலையிலிருந்து இறங்கினோமோ அதே மலைதான் ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கிறது. அங்கிருந்து அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தோம், இங்கிருந்து மறுபக்கத்தைப் பார்க்கிறோம். காலையில் நாற்காலியை வாசலில் போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்துவிடுவார். மேகம் கட்டினால், "அந்தப் பக்கம் ஊத்துது" என்பார். இங்கே ஒரு சொட்டு விழாது. மலையைத் தாண்டி வெறும் காற்று வரும், அதுவும் அடுப்பிலிருந்து வருவதுபோலச் சூடாக. நான் முதல் மாதம் முழுக்க ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே வேலை செய்தேன்.

இந்தத் தெருவில் தண்ணீர் விடுவதற்கு நாள் கணக்கும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. சில சமயம் மூன்று நாளில் வரும். சில சமயம் வாரம் போய்விடும். குழாயில் வேகம் இருக்காது என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழி தோண்டி, குழிக்குள் குழாயை இறக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் தண்ணீர் முதலில் எங்கள் குழிக்குத்தான் வரும். மேட்டில் இருக்கிற வீடுகளுக்குப் பிறகுதான் ஏறும். மாடி வீட்டுக்கும் அந்தக் குழியிலிருந்துதான் மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும், சுவிட்சு மேலே இருந்தது.

தண்ணீர் வந்தால் இந்தத் தெருவில் யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. சத்தம் போடாமல் கதவைத் திறந்து, சத்தம் போடாமல் குடத்தை வைத்து, தங்கள் தொட்டி நிறைந்த பிறகு, "தண்ணி வருதாம்ல?" என்று யாரோ சொன்ன மாதிரி கேட்பார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பிடித்தால் வேகம் குறைந்துவிடும். அதனால் அப்படி.

லயத்தில் அப்படி இல்லை. வரிசை முழுவதற்கும் ஒரே குழாய்தான். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் குடத்தை வைத்தவளை அந்த வரிசையில் ஒருத்தியும் மதிக்கமாட்டாள். கூப்பிட்டவளுடைய குடத்தை மற்றவர்களே முன்னால் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடு தமிழ், பாதி வீடு மலையாளம். வீட்டுக்குள் தண்ணி என்று சொல்வோம். குழாயடியில் கூப்பிடுவது மட்டும் எல்லாருக்கும் ஒரே கூப்பாடு. "வெள்ளம் வந்நே!" மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், வேறொன்றும் இல்லை. சிறுபிள்ளையிலிருந்து கூப்பிட்ட கூப்பாடு.

இங்கே வந்த பிறகும் நான் கூப்பிட்டேன். யோசித்து, "தண்ணி வந்துருச்சு" என்று தமிழில்தான் கூப்பிட்டேன். முதல் தடவை நாலைந்து பேர் எட்டிப் பார்த்து, இவளுக்கு என்ன வந்தது என்பதுபோல நின்றார்கள். மேட்டு வீட்டுக்காரி ஒருத்தி, "நீங்க மொதல்ல புடிங்கம்மா, எதுக்கு ஊரக் கூட்டுறீக?" என்றாள். நான் விடவில்லை. எங்கள் குழியில் தண்ணீர் வந்தால் கூப்பிட்டுவிட்டுத்தான் குடம் வைப்பேன்.

இனி அந்த ஐப்பசிக் காலையைச் சொல்ல வேண்டும்.

நாலைந்து நாளாக அடைமழை. மலையில் இன்னும் அதிகம். பின்னால் ஓடையில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. முந்தின நாள் ஆட்டோவில் மைக்கைக் கட்டி, ஓடைப் பக்கம் யாரும் போக வேண்டாம், பிள்ளைகளை விட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இவ்வளவு மழைக்கும் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கேயோ குழாய் உடைந்துவிட்டது என்று ஏழெட்டு நாளாக விடவில்லை. எல்லா வீட்டிலும் குடம் காலி. மழைத்தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவினோம்.

பால்காரர் வருகிற நேரம். நான் கதவைத் திறந்து வாசல் தெளிக்க வந்தேன். குழிக்குள் உஸ் என்று காற்றுச் சத்தம். குனிந்து பார்த்தேன். இரண்டு தடவை துப்பிவிட்டுத் தண்ணீர் பாய்ந்து வந்தது. அத்தனை நாள் இல்லாமல் இருந்து வந்த தண்ணீர். எனக்கு வந்த சந்தோசத்தில் யோசிக்கிறதற்கு எங்கே நேரம்? வாய் தன்னால் திறந்துவிட்டது.

"வெள்ளம் வந்நே! வெள்ளம் வந்நே! எல்லாரும் ஓடி வாங்க, வெள்ளம் வந்நே!"

தெருவில் ஒவ்வொரு லைட்டாக எரிந்தது. கதவுகள் படபடவென்று திறந்தன. பரவாயில்லையே, இன்றைக்குத்தான் கூப்பிட்ட உடனே வருகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் யார் கையிலும் குடம் இல்லை. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடுகிறாள். ஒருவர் ஆட்டைப் பிடித்து மாடிப்படியில் இழுக்கிறார், அது வரமாட்டேன் என்கிறது. கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடையைத் திறந்து பருப்பு மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டார். மேலே வீட்டுக்காரம்மா தெலுங்கில் என்னவோ கத்துகிற சத்தம் கேட்டது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே அவர்களுடைய அரிசி மூட்டை இருந்தது. அவள் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்து அந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தார். அவருக்குக் கண் ஆபரேசன் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் மூட்டையோடு என்னிடம் ஓடி வந்தார். "எங்கம்மா? எந்தப் பக்கமா வருது? ஓடை ஒடஞ்சிருச்சா?"

நான் குழியைக் காட்டினேன். "இந்தா, குழாயில."

அவர் குழிக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு பெண் சிரித்தாள். அதற்கு மேல் சிரித்தவர்கள் பாதி, திட்டினவர்கள் பாதி.

"நல்லாக் கூப்பிட்டீக போங்க! எங்க அத்தைய மொட்டை மாடியில ஏத்தி உக்கார வச்சுட்டு வாரேன். இனி அவுகளை யாரு எறக்குறது?"

"ஏலே, ஆட்ட எறக்கு. வெள்ளம் குழாயிலதான் வருதாம்."

வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. படியில் நின்று, "தண்ணின்னு சொல்லத் தெரியாதா ஒனக்கு? வாய்ல என்ன வருதுன்னு தெரியாதவ தெருவுல நின்னு கத்தலாமா?" என்றாள். அதுவரை வாங்க, போங்க என்றவள் அன்றைக்குத்தான் ஒனக்கு என்றாள். மத்தியானத்துக்குள் அவள் கணவருக்குக் கண் சிவந்துவிட்டது. காரை வரச்சொல்லி மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்றும் ஆகவில்லை, சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்து அனுப்பினார்கள் என்று கடைக்காரர் மூலமாகத் தெரிந்தது. திரும்பி வந்த மறுநாள் அவள் பாதிப் படி இறங்கி நின்றுகொண்டு சொன்னாள்.

"இந்த மாசக் கடைசியோட வீட்டக் காலி பண்ணிருங்க."

மறுபடியும் மரியாதைக்கு வந்துவிட்டாள். எனக்கு அதுதான் அதிகம் சுட்டது.

நான் சரி என்றேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை, தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கன்னு சொன்னா என்ன கொறஞ்சா போவ?"

"தண்ணி வந்ததச் சொன்னதுக்கு மன்னிப்பா?"

"தண்ணிக்கு இல்லட்டீ. வீட்டுக்கு."

"நீங்க போய்க் கேளுங்க."

"நான் மாடி ஏறுனா அங்கயே படுத்துக்கிட வேண்டியதுதான்," என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். தெருவைக் கூப்பிட்டது தப்பு என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. அந்த மனிதருக்குக் கண் சிவந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினேன், பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்காக என்று ஒரு மன்னிப்பை என்னால் கேட்க முடியவில்லை.

மறுபடியும் வீடு தேடினேன், இந்தத் தடவை தனியாக. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டில் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "ஏம்மா, வெள்ளம் வந்துருச்சுன்னு கூப்பிட்டது நீங்கதானா?" என்று கேட்டார்கள். என் கதை எனக்கு முன்னால் நடந்து போய்ச் சேர்ந்திருந்தது. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். வீட்டை மட்டும் தரவில்லை.

வேறு வழியில்லாமல்தான் சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். எல்லாரும் சொந்த ஊர், சொந்த ஊர் என்று கேட்கிறார்களே, எனக்கும் ஒன்று இருக்கிறதா பார்ப்போம் என்று. நம்ம ஊர் சுந்தரபாண்டியம் என்று என் அம்மா சொல்லுவாள். அவளும் பார்த்ததில்லை, அவள் அப்பா சொன்னது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மகளிடம்கூடச் சொல்லாமல் பஸ் மாறி இறங்கினேன். வயலும் வரப்புமாக நல்ல ஊர். டீக்கடை பெஞ்சில் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன்.

"நீங்க யாரு வீட்டு ஆளும்மா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். எங்க தாத்தா இங்க இருந்து மலைக்குப் போனவரு."

"எந்தத் தெரு?"

"தெரியலையே."

"சாமி எது கும்புடுவீக?"

"கருப்பசாமி."

"கருப்பசாமி இங்க தெருவுக்கு ஒருத்தர் இருக்காருல்லம்மா. எந்தக் கருப்பசாமின்னு நான் காட்ட?" என்று சிரித்துவிட்டு, டீ சொன்னார். "மலைக்குப் போனவுக எல்லா வீட்லயும் உண்டு. பேரு தெரிஞ்சாச் சொல்லலாம்."

தாத்தாவின் பேர் எனக்குத் தெரியும், சொன்னேன். அந்தப் பேரில் அந்த ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். அவர் நல்ல மனிதர். தெரு முனைவரை கூட வந்து, இப்படிப் போய்ப் பாருங்கள், அப்படிப் போய்ப் பாருங்கள் என்று கை காட்டினார். இரண்டு தெரு நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உங்கள் வீட்டில் யாராவது மலைக்குப் போனார்களா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது வீடு தேடுவதைவிட மோசம். திரும்பிவிட்டேன். அந்த டீயும் நன்றாக இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் இரண்டு தடவை தண்ணீர் வந்தது. நான் கூப்பிடவில்லை. மற்றவர்கள் எப்படியோ நானும் அப்படி. சத்தம் இல்லாமல் கதவைத் திறந்து, குடங்களை நிரப்பி, உள்ளே வைத்துத் தாழ் போட்டேன். கூப்பிடாமல் குடம் வைத்தது என் பிறவியில் அதுதான் முதல். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம்கூட அதிகம் என்று அடியில் துணியைப் போட்டேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைக்காரர்தான் முதலில் கேட்டார். அந்த நாளுக்குப் பிறகு நான் கடைக்குப் போனாலே, "ஆச்சி, இன்னைக்கு வெள்ளம் வருமா? மூட்டைய மேல ஏத்தவா, கீழயே கெடக்கட்டுமா?" என்பார். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. "என்ன ஆச்சி, சத்தத்தையே காணோம்? நேத்து தண்ணி வந்துட்டுப் போயிருச்சாம். கடையத் தொறந்து வச்சுக்கிட்டு என்னத்தப் பாத்தீகன்னு வீட்ல என்னையப் போட்டு வையிறா." நான் புளி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பத்து மணி இருக்கும். வீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். முழங்கால் வலி உள்ளவள், ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்தாள். கடைசிப் படியில் நின்றாள்.

"முந்தாநாள் தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ புடிச்சியா?"

"புடிச்சேன்."

"அதுக்கு முந்துன தடவையும்?"

"அதுவும்தான்."

"மேல தொட்டியில சொட்டுத் தண்ணி கெடையாது. கேன் தண்ணியில அவரு கண்ணு தொடைக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எந்த வார்த்தை?" என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்திலா, முழங்காலாலா என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னால குடியிருந்தவ அவ தொட்டி நெறையாம வாயத் தொறக்க மாட்டா. நான் நேரங்காலம் இல்லாம எந்திரிச்சு எந்திரிச்சு இந்தப் படியில எறங்கிக் குழியப் பாப்பேன். அப்பிடிப் போனதுதான் இந்தக் காலு. நீ வந்த பொறவுதான் நான் படுத்துத் தூங்குனேன். நீ கூப்பிடுவ, நான் படுத்த வாக்குல சுவிட்சப் போடுவேன். இப்ப மறுபடியும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கேன்."

அவள் இப்படிப் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தண்ணின்னு கூப்பிடு," என்றாள். "எங்க வீட்ல நீள்ளும்போம், நீள்ளுன்னு கூப்பிடு. இல்ல, அந்தச் சனியன் வெள்ளம்னே கூப்பிட்டுத் தொலை. இப்பத்தான் தெருவுக்கே அதுக்கு அர்த்தம் தெரிஞ்சு போச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"மாசக் கடைசிக்கு நாள் கிட்ட வந்துருச்சு. சாவிய உங்க கையில குடுக்கவா, கடையில குடுத்துட்டுப் போகவா?"

"வீடு கெடச்சிருச்சா?"

"இல்ல."

"பொறவு சாவியக் குடுத்துட்டு எங்க போவ?"

"அது என் பாடு."

"திமிரு மட்டும் கொறையல," என்றாள். "உன் வீட்டுக்காரரு இழுக்குற இழுப்பு எனக்கு மாடிக்குக் கேக்குது. அந்த மனுசன எந்தத் தெருவுல கூட்டிக்கிட்டு அலைவ? பேசாம இரு."

இரு என்று அவள் சொன்னதும் உள்ளே கட்டில் கிரீச்சென்றது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. இன்னொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். எனக்கு விட மனம் இல்லை.

"இருக்கேன். ஆனா மலையாளத்தம்மான்னு இனிமே கூப்பிடக் கூடாது. நான் மலையாளம் இல்ல."

"அட! பொறவு என்ன சொல்லிக் கூப்பிட?"

"எல்லாரையும் எப்படிக் கூப்பிடுறீகளோ அப்படி."

அவள் யோசித்தாள். "சரி, அக்கான்னு கூப்பிடுதேன்."

"நான் எப்படி அக்கா ஆவேன்? நீங்கதான் என்னைய விட மூத்தவுக."

"யாரு, நானா மூத்தவ?" என்று எழுந்துவிட்டாள். வலியெல்லாம் எங்கே போனதோ. "முழங்கால் வலின்னா வயசாயிருச்சுன்னு அர்த்தமா? ஒனக்குத் தல முழுக்க நரச்சுக் கெடக்கு."

"மலைப் பனியில எல்லாருக்கும் நரைக்கும். எம் மவளுக்கே நரை உண்டு."

"எம் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. ஒனக்குப் பேரன் இருக்கான்."

"அது உங்க மகன் பண்ணுன தாமதம். அதுக்கு எனக்கா வயசு கூடும்?"

இரண்டு பேருக்கும் பிறந்த வருசம் சரியாகத் தெரியாது. என் ஆதாரில் இருப்பது தோட்டத்து ஆபீசில் குத்துமதிப்பாகப் போட்டது. அவளுடையது, அவளைப் பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சேர்ப்பதற்காக அவள் அப்பா கூட்டிச் சொன்னதாம். அதனால் அதையும் நம்பக் கூடாது என்றாள். அவள் தலையை மேலே தூக்கிக் கணவரைக் கூப்பிட்டுத் தெலுங்கில் என்னவோ கேட்டாள். அவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார். எனக்குத் தெலுங்கு புரியாது என்று அவருக்குத் தெரியும், அதனால் தமிழிலேயே சொன்னார்.

"எனக்கு இன்னும் கண்ணு சரியாத் தெரியல. என்னைய விட்டுருங்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இழுப்பு வந்துவிடும், வந்தது. நான் உள்ளே ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். எங்கள் வீட்டுக்குள் அவள் வந்தது அன்றுதான். அவர் முதுகை நான் தடவினேன், அவள் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அந்தக் குடத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் முந்தாநாள் புடிச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அரைக் குடம் எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். யார் மூத்தவள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நான் அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன், அவளும் என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைக்காரருக்குத்தான் சங்கடம். பால்காரர் பாலைக் கடையில் வைத்து, அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னால், "எந்த அக்காவுக்கு, மூத்தவுகளுக்கா எளையவுகளுக்கா?" என்பார். நான் அங்கே நின்றால் எளையவளுக்கு என்று சொல்லிப் பாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.